ஈறு சொன்ன வயது

பல் டாக்டரின் அறையில் மகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் சைக்கிளை விடாத அப்பா, "உடம்பு தளருதுன்னு இந்த ஈறு டெஸ்ட்ல வந்தா சாவியைக் கொடுத்துடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "வாயில நல்ல கிருமிகள் ரொம்பக் குறைவு. ஈறைக் கெடுக்கிறதுதான் கூட்டம் போட்டிருக்கு. தளர்ந்து போறவங்க வாயில இப்படி அடிக்கடி பார்க்கிறோம்."

மகன் துள்ளி எழுந்தான். "கேட்டீங்களாப்பா? எடுங்க சாவியை!"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"டாக்டரம்மா, பல் தேய்க்கறதுக்கு முன்னாடி பஞ்சுக் குச்சியால ஈறைத் துடைச்சு அனுப்பச் சொன்னீங்க. நான் பழக்க தோஷத்துல எழுந்ததும் தேய்ச்சுத் தொலைச்சுட்டேன்."

"அப்போ இது யாரோடது?"

"பக்கத்துல இவன் வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்தான். அப்பன், பிள்ளை, ஒரே ரத்தம்தானேன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டேன்."

மகன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்பா சைக்கிள் சாவியை எடுத்து அவன் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சொன்ன சொல் மாற மாட்டேன். நாளையிலேருந்து நீ ஓட்டுடா. விழுந்துடாம, சின்ன வயசுல மாதிரி நான் பின்னாடியே ஓடி வரேன்!"