இறங்காத சாமி

ஊரிலிருந்து போன மாதம்தான் இந்தக் குளிர்தேசத்துக்கு வந்த ஐயருக்கு ஒன்றும் தெரியாது. திருவிழாவன்று மயில் வாகனத்தைத் தோளில் சுமக்கிற வலத் தண்டை ஒரு குழுவிடமும் இடத் தண்டை மற்றக் குழுவிடமும் கொடுத்துவிட்டார். அப்பாமார் பிறந்த இரண்டு ஊர்களின் பெயரில், அந்த ஊர்களைக் கண்ணாலும் காணாமல் தங்களுக்குள் அடிபடுகிற இளம் பெடியள் அவர்கள். வலப்பக்கம் முன்னுக்கு நின்ற துசிகரனின் பல்லைப் போன கோடையில் உடைத்தவன்தான் இடப்பக்கம் முன்னுக்கு நின்ற நிதர்சன்.

கோயிலைச் சுற்றி மூன்று சுற்று முடிந்தது. "இறக்குங்கோ தம்பிமார்," என்றார் ஐயர்.

"அவங்கள் முதல் குனியட்டும்," என்றான் துசிகரன். நிதர்சனும் அதையே சொன்னான்.

சாமி நாலாவது சுற்றுக்குப் போனார். ஏழாவதில் மேளகாரர் கதிரை போட்டு இருந்து வாசித்தார். பத்தாவதில் சாமி வீதிக்கே இறங்கி, சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் வளைந்து வந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் கையசைத்தார்கள்.

பன்னிரண்டாவதில் துசிகரனின் வேட்டி நழுவத் தொடங்கியது. காலையில் ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வேட்டி. தண்டிலிருந்து ஒரு கையை எடுத்தாலே தோற்ற மாதிரி. பெண்கள் நிற்கிற பந்தலுக்கு இன்னும் இருபதடி இருந்தது.

நிதர்சன் அதைப் பார்த்தான். பிறகு தன் கையை எடுத்து, எட்டி, அவன் வேட்டி முடிச்சை இறுகப் பிடித்தான்.

"சிரிச்சாய் எண்டால் கொல்லுவன்," என்றான் துசிகரன்.

"கதையாமல் நட. எனக்கும் கழருது."

துசிகரனும் ஒரு கையை நீட்டினான். சாமி பதின்மூன்றாவது சுற்றுக்குப் போனார்.