கவர்னர் கொடுத்த துப்பாக்கி

அவன் மட்டும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

மற்ற நாற்பது பேரும் வைத்துவிட்டார்கள். மைதானத்தின் ஈரப் புல்லில் அவை வரிசையாகக் கிடந்தன.

மலாயாவில் ஒரு துறைமுக ஊர். 1941 டிசம்பர். ஜப்பான்காரன் நெருங்கிவிட்டான். ராணுவம் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களின் தொண்டர் படை ஆயுதங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று காலையில் உத்தரவு வந்திருந்தது.

அருளப்பன் தபாலாபீஸ் குமாஸ்தா. மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் அணிவகுப்புக்கு வந்தவன்.

“சார், இது கவர்னர் கையெழுத்தில் எங்களுக்குக் கொடுத்தது” என்று ஆங்கிலத்தில் சொன்னான். “திருப்பிக் கேட்க ராணுவத்துக்கு அதிகாரம் இல்லை. கவர்னரின் உத்தரவைக் காட்டுங்கள்.”

துப்பாக்கிகளை வாங்க வந்திருந்த ராணுவக் கேப்டன் சவரம் செய்து சில நாளாகியிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

“கவர்னர் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாது.”

“அப்படியானால் தர முடியாது. நீங்கள் போன பிறகு இந்த ஊரை யார் பார்ப்பது?”

எதிரே துறைமுகத்தில் வெள்ளைக்காரத் தொண்டர்கள் துப்பாக்கியோடு கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவன் அதைப் பார்த்தான். கேப்டனும் பார்த்தார்.

காதர் மீரா அவன் தோளைத் தொட்டான். மூன்று வருஷமும் வரிசையில் அவனுக்கு அடுத்து நின்றவன்.

“குடுத்துட்டு வா, அருளப்பா. உன் நியாயத்தக் கேக்க இங்க யாரு இருக்கா?”

அவன் அசையவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பிறகு காதரும் போய்விட்டான்.

கப்பல் சங்கு ஊதியது.

கேப்டன் கை நீட்டித் துப்பாக்கியை வாங்கினார். பிடுங்கவில்லை. அதன் போல்ட்டை மட்டும் உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் தோட்டா வெடிக்காது.

மீதியை அவனிடமே நீட்டினார்.

“கவர்னர் கொடுத்ததை நான் எடுத்துக்கொள்ளவில்லை.”

கேலி இல்லை அதில். மற்றத் துப்பாக்கிகளை ஏற்றியிருந்த லாரியில் ஏறினார்.

மைதானம் காலியானது.

சாயங்காலம் கடைத்தெருவில் கதவுகள் உடைபடும் சத்தம் கேட்டது. போலீஸ் ஸ்டேஷனில் ஆளில்லை. எங்கே போவதென்று தெரியாமல் அவன் தன் தெரு முனையில் போய் நின்றான்.

கடப்பாரையும் சாக்குமாக நாலு பேர் வந்தார்கள். அவன் தோளில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார்கள். வேறு பக்கம் திரும்பினார்கள்.

ஒரு ஜன்னல் திறந்தது.

மருந்துக்கடைச் சீனர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தையற்காரர் வீட்டார் பாயோடு வந்தார்கள். இன்னும் சிலர். எல்லாரும் அவனுக்குப் பின்னால், பூட்டியிருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள்.

தையற்காரரின் மனைவி கேட்டாள்: “ரெண்டு நாளாத் தூக்கமில்ல, தம்பி. நீங்கதான் இருக்கீங்களே. நாங்க கொஞ்சம் கண்ண மூடலாமா?”

அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் குழந்தைகள் தூங்கியிருந்தன.

“படுங்கக்கா” என்றான்.

பிறகு தெருவைப் பார்த்து நின்றுகொண்டான், தன் முகம் அவர்களுக்குத் தெரியாதபடி.