கறுப்புத் துணிக்குள்ளே

"இந்த ஓட்டைப் பெட்டிக்கு இவ்வளவு விலையா? மனசாட்சி இருக்கா உனக்கு..."

"அசல் தேக்குய்யா இது! தட்டிப் பாரு..."

"தேக்கை வச்சு அவ கட்டிலா செய்யப் போறா? போட்டோ எடுக்கணும்யா!"

பழைய சாமான் கடைக்காரரை அண்ணன் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தான். தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்த ஸ்டுடியோவுக்காக வளையல்களை விற்றுவிட்டு வந்தவளுக்குப் பேரம் பேச வாய் வராது.

"லென்ஸைப் பார்த்துடறேண்ணா." காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள்.

"பிலிமே போடல, உள்ளே என்னத்தைப் பார்ப்பே?" என்று சிரித்துவிட்டு, எதிரே நின்ற கடைக்காரர் மேல் மறுபடி பாய்ந்தான். "குறைப்பியா, மாட்டியா?"

"ஒரு பைசா குறையாது!"

அவள் லென்ஸின் திருகைத் திருப்பினாள். இந்தக் காமிராவில் பார்ப்பதற்குப் பிலிம் வேண்டாம். எதிரில் இருப்பதெல்லாம் பின்கண்ணாடியில் தலைகீழாக விழும். மங்கல் விலகி, இரண்டு பேரும் தெளிவாகத் தெரிந்தார்கள்.

காதில் சண்டை ஓயவில்லை. கண்ணாடியிலோ, திட்டிக்கொண்டே அண்ணன் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு, என் பங்கு இங்கே என்பதுபோல் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். கடைக்காரர் கண்ணடித்தார்.

துணிக்குள்ளிருந்து வெளியே வராமலே சொன்னாள்:

"லென்ஸ் நல்லாத்தான் இருக்குண்ணா. எல்லாமே தெளிவாத் தெரியுது. உன் பங்கு எவ்வளவுங்கிறதுதான் தெரியல."