சோதனைக் களஞ்சியம்

விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

கட்டிலில் அவள் கணவன் ஜெபசிங். கையும் காலும் போய், பிறகு பேச்சும் போயிற்று. இமைகூட இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

கருவிழி மட்டும் அசைகிறது.

கட்டிலுக்கு மேலே வளைந்து நிற்கும் திரை. அதன் அடியில் ஒரு கேமரா. விழி எந்த எழுத்தில் தங்குகிறதோ அந்த எழுத்து விழும்.

அதுதான் அவன் வாய்.

போன வாரம் அந்தத் திரையை இயக்கும் லினக்ஸ் கணினி ஒரு புதுப்பிப்பை வாங்கிக்கொண்டது. கேமரா குருடாகிவிட்டது.

அதே நாளில்தான் டாக்டர் கேட்டிருந்தார். தொண்டையில் துளையிட்டு, மூச்சுக்கு மிஷின் வைக்கலாமா? அவரே சொல்லட்டும்.

கேமரா கோளாறுக்குத் திருத்தம் தயாராகிவிட்டது. ஆனால் சோதனைக் களஞ்சியத்தில் கிடக்கிறது. எல்லாருக்கும் போவதற்கு முன்னால், உடைந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் எடுத்துப் பார்க்கும் இடம். தானாகத் திறக்காது. நாம்தான் திறந்துவிட வேண்டும்.

"அதத் தொறக்காதீய மைனி," என்றான் ஜெபசிங்கின் தம்பி, பெங்களூரிலிருந்து. "வேற என்னமும் ஒடைஞ்சா எனக்கே சரி பண்ணத் தெரியாது. ரெண்டு வாரம் பொறுங்க. எல்லாருக்கும் வந்துரும்."

"அது வரைக்கும் மூச்சு தாங்குமா தம்பி?"



"அந்த ஒண்ண மட்டும் எடுங்க," என்றான் தம்பி. "எடுத்ததும் மூடிருங்க."

திறந்தாள். அந்த ஒன்றை மட்டும் எடுத்தாள். வரிகள் ஓடின. பிழை காட்டும் சிவப்பு எங்கேயும் வரவில்லை. களஞ்சியத்தை மூடினாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள்.

திரையில் நீலப் புள்ளி வந்தது.

நடுங்கியது. பிறகு அவன் விழியோடு நகர்ந்தது.

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். தம்பியிடம் சொல்லக்கூடத் தோன்றாமல் போனை வைத்தாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது.

"ஏங்க, டாக்டர் கேட்டாருல்லா. மிஷின் வைக்கச் சொல்லட்டுமா?"

புள்ளி உடனே கிளம்பியது. யோசிக்கவே இல்லை.

வே.

ண்.

மிச்சத்தை ஊகித்து, கணினி இரண்டு சொற்களைக் கீழே காட்டியது. இடப் பக்கம் வேண்டும். வலப் பக்கம் வேண்டாம். எதன்மேல் புள்ளி கொஞ்சம் தங்கினாலும் அந்தச் சொல் விழுந்துவிடும்.

புள்ளி வலப் பக்கம் போயிற்று.

அவள் உள்ளங்கையால் கேமராவை மூடினாள்.

புள்ளி மறைந்தது.

"இன்னும் சரியா வேல செய்யல போல," என்றாள்.

விழி திரையிலிருந்து மெல்ல இறங்கியது. அவள் கைக்கு வந்தது. பிறகு அவள் முகத்துக்கு.

அங்கேயே தங்கியது.