எதிரே வந்தவன் தூக்கிய கை

"புது கார்வெட்காரனுங்களுக்குத் திமிருடா. எதிர்ல வந்தா கை தூக்க மாட்டானுங்க" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த வெர்னன், இன்று ஒரு புது கார்வெட்டை ஓட்டுகிறார். கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவர்கள், எதிரே இன்னொரு கார்வெட் வந்தால் கை தூக்கிக் காட்டுவது வழக்கம். இந்தக் கார் நண்பர் கஸ்ஸுடையது. வெர்னனின் பழைய கார்வெட்டை மனைவி டார்லீன் பின்னால் ஓட்டி வருகிறாள். கென்டக்கியின் காலை வெயில் புகையிலைக் கொட்டகைகளின் தகரத்தில் வழிகிறது. பழையதில் எஞ்சின் முன்னால் கிடந்து தொடையைச் சுடும். இதில் முதுகுக்குப் பின்னால் உறுமுகிறது. "முன்னாடி பொட்டி வைக்கத்தான் எடமா? இதெல்லாம் ஒரு காரா?" என்கிறார். "பக்கவாதம் ஒன் நாக்க மட்டும் விட்டுடுச்சு பாரு" என்று சிரிக்கிறார் பக்கத்தில் இருக்கும் கஸ். பழையதைப்போல இதில் கிளட்ச் கிடையாது என்பதால்தான் சாவியைக் கொடுத்தார். மிதிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் வெர்னனின் இடது கால் சாய்ந்திருக்கிறது. இடது கை, கழற்றிப் போட்ட கையுறைபோல மடியில் கிடக்கிறது. வளைவில் மஞ்சள் நிறப் பழைய கார்வெட் ஒன்று எதிரே வருகிறது. ஓட்டுபவன் கையைத் தூக்குகிறான். வெர்னனின் வலது கை ஸ்டீயரிங்கை விட முடியாமல் இறுகுகிறது. இடது தோள் மட்டும் ஒருமுறை துடிக்கிறது. மஞ்சள் கார் கடந்துவிடுகிறது. பின்புறம் காட்டும் கண்ணாடியில், அவருடைய பழைய காரிலிருந்து டார்லீனின் கை உயர்வது தெரிகிறது.

"அவன் என்னடா நெனச்சிருப்பான்?" என்கிறார் வெர்னன்.

கஸ் சிரிக்கவில்லை.