வேலியில் காய்ந்த துவாய்

“உன்ர துவாயை எங்கட கொடியில போடாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

ஜெகதீஸ்வரி ஒரு தடியின் நுனியால் மருமகள் உடம்பு துடைத்த துவாயைத் தூக்கி முள்வேலியில் எறிந்தாள். ரஜிதா போய் அதை வேலியிலேயே விரித்துவிட்டாள்.

மூன்று மாதமாக ஸ்கந்தபுரத்து அந்த வீட்டில் இதுதான் நடைமுறை. மகனும் மருமகளும் படுக்கும் அறைக்குள் இரவெல்லாம் பறட் பறட்டென்று சொறியும் சத்தம். கட்டில் விரிப்பில் வெள்ளை வெள்ளையாய்ச் செதில். அலுமாரியில் களிம்பு. அவற்றைக் கண்ட நாளிலிருந்து ரஜிதாவுக்குச் சாப்பிடத் தனிக் கோப்பை, குளிக்கத் தனிச் சவர்க்காரம், குசினிக்கு வெளியே இருக்கத் தனிக் கதிரை.

“என்ன கண்டறியாத வருத்தம் இது?” என்று அன்றைக்குக் கேட்டதற்கு, “சொரியாசிஸ், மாமி” என்று மட்டும் சொன்னாள் ரஜிதா. மகன் கிருசாந்தன் அதுகூடச் சொல்லவில்லை.

“மலையிலயிருந்து வந்து செட்டிகுளத்தில குடியேறின தோட்டக்காட்டுச் சனத்திட்டப் பொம்பிளை எடுக்காதை எண்டு சொன்னனான். கேட்டியே? காதலாம்! இப்ப சொறியைக் கொண்டுவந்து வீட்டுக்கை விட்டிட்டாள்.”

கிருசாந்தன் பிட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“பிள்ளையின்ர கை காலெல்லாம் பளிங்கு மாதிரித்தானே அக்கா கிடக்கு?” என்று பக்கத்து வீட்டு விமலேஸ்வரி ஒருநாள் கேட்டாள்.

“உடுப்புக்குள்ள மூடி வைச்சிருக்கிறாள், கள்ளி.”

மகள் தேனுகாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். அதற்கு முன்னர் ரஜிதாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று ஜெகதீஸ்வரி முடிவெடுத்திருந்தாள்.

“நாளைக்கு நீங்கள் ரெண்டுபேரும் போற தோல் கிளினிக்குக்கு நானும் வாறன். இது தொத்துற வருத்தம் எண்டு டொக்டரின்ர வாயாலேயே சொல்லுவிக்கிறன். பிறகு நீ சூட்கேசைக் கட்டு.”

கிருசாந்தன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். “நீங்கள் ஏனம்மா அங்க...”

“மாமி வரட்டும்,” என்றாள் ரஜிதா. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

காலையில் மூவரும் ஓட்டோவில் போனார்கள். மருமகளில் முட்டாமலிருக்க மகனை நடுவில் இருத்தி, அவன் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள் ஜெகதீஸ்வரி.

இலக்கத்தைக் கூப்பிட்டதும் முதல் ஆளாய் உள்ளே போனவளும் அவள்தான். தான் ஒரு கதிரையில் அமர்ந்து, மற்றதில் மகனை இருத்தினாள். ரஜிதா சுவரோடு நின்றாள்.

“டொக்டர், எங்கட வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கு. இந்தச் சொறி தொத்தும் எண்டு இவளுக்கு விளங்கப்படுத்துங்கோ.”

டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டியபடியே சொன்னார். “தொத்தாது அம்மா. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தன்ர தோலை எதிரி எண்டு நினைச்சு அடிக்குது. அதாலதான் இந்தக் கடியும் சொறிச்சலும் செதிலும். ஒரே கோப்பையில சாப்பிட்டாலும் மற்றவைக்கு வராது.”

“அப்ப இது எங்கயிருந்து வந்தது?”

“கனபேருக்குப் பரம்பரையில இருக்கும். தாய் வழியில, இல்லாட்டித் தகப்பன் வழியில.”

ஜெகதீஸ்வரியின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களே! நான் அப்பவே சொன்னனான், ரத்தத்தில பழுதெண்டு! எங்கட ஏழு தலைமுறையில ஒருத்தருக்கும் ஒரு சிரங்குகூட வரேல்லை, டொக்டர். பழுதான ரத்தத்தை வைச்சுக்கொண்டு ஒரு நல்ல குடும்பத்துக்கை நுழையிறதுக்கு எவ்வளவு துணிவு வேணும்! கேட்டியே, மகன்?”

மகன் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

டொக்டர் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார்.

“கிருசாந்தன், சட்டையைக் கழட்டுங்கோ.”