பொருந்தாத வாய்

"தொடாம எடுங்கண்ணே," என்றபடி வாசலிலேயே நின்றான் சம்பே.

"ஏன், எழுந்து கடிச்சிடுவாரா?"

இந்தோனேசிய மலைநாடான எங்கள் தோராஜாவில் ஈமச்சடங்குவரை பிணத்தை வீட்டிலேயே வைத்திருப்போம். பக்கத்தில் காபிகூட வைப்போம். கழுத்துவரை போர்த்திக் கிடந்த அவன் அப்பாவின் முகத்தைக் கைபேசியால் மூன்று முறை ஸ்கேன் செய்தேன். அவை கணினியில் ஒன்றாகச் சேர்ந்தால், பார்த்துப் பலாமரத்தில் செதுக்கிவிடுவேன். கல்லறை வாசலில் அச்சு அசலாக நிற்பார்.

பட்டறையில் காது, மூக்கு எல்லாம் இம்மி பிசகாமல் சேர்ந்தன. வாய் மட்டும் சேரவில்லை. சம்பேயைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"நாளைக்கு வந்து இன்னொரு தடவை எடுத்துக்கறேன் தம்பி."

"வேணாம்ண்ணே. ஏதாவது ஒண்ணை வச்சு செதுக்குங்க."

எதை வைப்பது? மூன்றையும் திரையில் வரிசையாக வைத்தேன். முதலாவதில் உதடுகள் மூடியிருந்தன. இரண்டாவதில் லேசாகத் திறந்திருந்தன. மூன்றாவதில் பல் தெரிந்தது.

"சம்பே! அப்பா உசிரோட இருக்காருடா!"

மறுமுனையில் எருமைகள் கத்தின.

"பலி எருமையெல்லாம் வந்து இறங்கிடுச்சு. ஊருக்கே சொல்லியாச்சு. நீங்க சிலையை முடிங்கண்ணே. சனிக்கிழமைக்குள்ள அப்பாவும் தயாராயிடுவார்."